ஒன்பது ஐந்துக்குக் காலியாகும் இடம்

பிப்ரவரி 3, திங்கள்

தினமும் என்ன வேலை பார்த்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று எங்கள் நெறியாளர் பகவதி மேடம் உத்தரவு போட்டிருக்கிறார். எழுதுகிறேன். இன்று பார்த்த வேலை: ஒன்றுமில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். புவியியல் துறை ஆய்வகத்துக் கணினிகள் கிழடாகிவிட்டன என்று வரைபட மென்பொருளை அவற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் எல்லாருக்கும் பல்கலைக்கழகத்தின் போர்ட்டல்தான். வீட்டிலிருந்தே லாகின் செய்து, செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால், சர்வர் அறையில் இருக்கும் ஒரு கணினியின் திரை நம் பிரவுசருக்குள் வந்து நிற்கும். நம் லேப்டாப் எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் கவலையில்லை, வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தமே மூன்று இடம். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் மென்பொருளைத் திறக்க முடியாது. உள்ளே இருக்கும் மூன்று பேரின் பெயரையும் போர்ட்டல் பக்கத்தில் போடுகிறார்கள். லாகின் செய்துவிட்டு இடம் கிடைக்காமல் நிற்கிறவர்களின் பெயர் அதற்குக் கீழே பச்சைப் புள்ளியோடு தெரியும். மகளைப் பள்ளி வேனில் ஏற்றி, கணவருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்து, அம்பாசமுத்திரத்தில் நான் லேப்டாப் முன்னால் உட்காரும்போது மணி ஒன்பது ஐந்து. எம்.எஸ்ஸி. பிள்ளைகள் ஒன்பது மணி வகுப்புக்குப் போகும் முன்பே மூன்று இடத்தையும் பிடித்து வைத்துவிடுகிறார்கள். நான் பச்சைப் புள்ளியாக மதியம் வரை நின்றுகொண்டிருக்கிறேன்.

மேடம் ஏப்ரல் முடிவில் ஓய்வு பெறுகிறார். ஏப்ரல் 25 அன்று அவருடைய கடைசி அமர்வு. அதில் ஆய்வுச் சுருக்கத்தை வைக்காதவர்களை வேறு நெறியாளருக்கு மாற்றிவிடுவார்கள். புது ஆள், புது கேள்வி, இன்னும் ஒன்றரை வருடம். ஆராய்ச்சி தொடங்கி ஏற்கெனவே ஏழு வருடம் ஆகிவிட்டது. கல்லூரியில் மூன்று மாதம் விடுப்பு போட்டிருக்கிறேன், அதற்கு மேல் தர மாட்டார்கள். எங்கள் வட்டத்துக் குளங்கள் நாற்பது வருடத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்று இருபத்திரண்டு வரைபடம் போட வேண்டும். போட்டது ஐந்து.

பிப்ரவரி 5, புதன்

இன்றும் இடமில்லை. ஆத்திரம் தாங்காமல் பெபியோலாவுக்குப் போன் செய்தேன்.

பெபியோலாவைப் பற்றி எழுத வேண்டும். மேடத்திடம் என்னோடு இருக்கும் இன்னொரு ஆராய்ச்சி மாணவி. உதவித்தொகை வாங்கும் முழுநேர மாணவி. வயது இருபத்தேழு. பல்கலைக்கழக ஹாஸ்டலில் இருக்கிறாள். சமைக்க வேண்டாம், துவைத்தால் அவள் துணி மட்டும். சேர்ந்த முதல் நாளே 'அக்கா' என்று ஒட்டிக்கொண்டாள். நான் பதினோரு வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். மேடம் என்று கூப்பிட்டால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா?

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்க மாதிரி இதுக்கும் ஒரு வழி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்று புலம்பினேன்.

சிரித்தாள். "சரிக்கா, பாத்துக்கிடலாம்" என்றாள்.

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாளாம்?

பிப்ரவரி 6, வியாழன்

காலையிலேயே பெபியோலாவிடமிருந்து வாட்ஸப். "அக்கா, ஒன்பது மணிக்கு மேல வாங்க. இடம் இருக்கும்."

எனக்கு நேரம் சொல்லித் தருகிறாள். அதற்குமுன் எனக்கு ஒழிந்தால்தானே? "சரி" என்று மட்டும் போட்டேன்.

ஒன்பது ஐந்துக்கு லாகின் செய்தேன். மூன்று இடமும் நிரம்பியிருந்தது. அதில் ஒன்று அவளேதான். வயிறு எரிந்தது. பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்தேன். ஒரு இடம் காலி. பாய்ந்து பிடித்துவிட்டேன்.

ஒரு வரைபடம் முடிந்தது. கடையம் பக்கத்துக் குளம்.

பிப்ரவரி 12, புதன்

நான்கு நாளாகக் கை ராசியாக இருக்கிறது. ஒன்பது ஐந்துக்குப் போகிறேன், ஒன்பது ஆறுக்கு இடம் கிடைக்கிறது. எந்த நொடியில் புதுப்பிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. இதற்கெல்லாம் ஒரு நிதானம் வேண்டும்.

அவரிடம் சொன்னேன். என் கணவர் கோமதிநாயகம், மின்வாரியத்தில் வேலை, எதையும் முழுதாக நம்புகிற பழக்கம் கிடையாது. "தெனமும் ஒரே நேரத்துக்கு கரண்ட் வந்தா நாங்க அதுக்கு ராசின்னு பேரு வைக்க மாட்டோம். எவனோ சுவிட்ச் போடுதான்னு சொல்லுவோம்" என்றார்.

எல்லாவற்றுக்கும் ஒரு மின்வாரியக் கணக்கு வைத்திருப்பார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மேடம் எங்கள் இருவரையும் வீடியோ காலில் கூப்பிட்டார். முதலில் என் வரைபடங்கள். "ம்ம்" என்றார். "எல்லை சரியா இருக்கு. நீலம் கொஞ்சம் அடிக்க வருது." அவ்வளவுதான்.

அடுத்து பெபியோலா. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடுகளின் செம்மணல் வருடா வருடம் எப்படி நகர்கிறது என்பது அவள் தலைப்பு. அவள் வரைபடத்தை மேடம் பெரிதாக்கி, இந்தப் பக்கம் இழுத்து, அந்தப் பக்கம் இழுத்து, இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். "வடிவு, இதப் பாருங்க. கண்ல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்றார். "நீங்களும் இவகிட்டக் கேட்டுப் பழகிக்கோங்க."

நான் கேட்டுப் பழக வேண்டுமாம். தேரி மணலுக்குச் சிவப்பு போடுவது என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்? தேரி சிவப்புதானே. ஏழு வருடத்தில் ஒரு நாள் மேடம் என் வரைபடத்தை அப்படிப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை.

"அக்காவோட எல்லைக்கோடு மாதிரி எனக்கு வராது மேடம்" என்று இவள் வேறு நடுவில். அந்தப் பணிவும் எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். ஒரு மணிக்கு அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு, பிரவுசர் டேபைப் பெருக்கல் குறி போட்டு மூடிவிட்டு ஓடினேன். மூன்றரைக்குத் திரும்பி வந்து பார்த்தால், நான் விட்ட இடத்தில் விட்டபடி வரைபடம் நிற்கிறது. குளத்தின் கரையில் பாதிக் கோடு. மூன்று பெயரில் ஒன்று இன்னும் என் பெயர்தான்.

டேபை மூடினால் நம் கண்ணிலிருந்துதான் மறைகிறது. சர்வர் அறையில் அந்தக் கணினி நமக்காகத் திறந்தேதான் இருக்கிறது. மேலே மெனுவில் போய் 'சைன் அவுட்' கொடுத்தால்தான் இடம் காலியாகும். இல்லாவிட்டால் நான்கு மணி நேரம் நம் பெயரிலேயே இருக்கும். அரை மணி மவுஸைத் தொடாவிட்டால் பெயர் மட்டும் சாம்பல் நிறமாகிவிடும். அதைத் தவிர ஒன்றும் இல்லை.

நல்ல வசதி.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் வேலை. ஒரு மணிக்கு டேபை மூடிவிட்டு எழுந்தேன். மெனுவுக்குப் போய்த் தேடி சைன் அவுட் கொடுக்க எங்கே நேரம்? வெயிலில் வற்றல் போட்டிருந்தது.

இரண்டரைக்குச் செல்போனில் சும்மா போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். மேலே மூன்று பெயர்: எம்.எஸ்ஸி. பிள்ளைகள் இருவர், நான். கீழே ஒரே ஒரு பச்சைப் புள்ளி. பெபியோலா. அவள் வழக்கமாக மதியம்தான் வரைபட வேலை பார்ப்பாள்.

மூன்று பத்துக்கும் நின்றுகொண்டிருந்தாள். மூன்றே முக்காலுக்கும்.

நானும்தான் பிப்ரவரி முதல் வாரம் முழுவதும் நின்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மதியம் பெபியோலா போன். "அக்கா, வேல முடிஞ்சிட்டுன்னா சைன் அவுட் பண்ணுதீங்களா? ரெண்டு மூணு நாளா மத்தியானம் ஒங்க பேரு சாம்பலாவே நிக்கி."

"பெரிய கணக்கு ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. நாப்பது வருசப் படம். மூடுனா நின்னுரும்" என்றேன். எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை, கோத்தது போல வந்தது.

"அய்யோ, மூடாதீங்கக்கா. ஓடட்டும் ஓடட்டும். நான் வேற நேரம் பாத்துக்கிடுதேன்."

கணக்கு ஓடவில்லை என்று யார் சொன்னது? ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 5, புதன்

பன்னிரண்டு வரைபடம் முடிந்தது. ஒன்பது ஐந்து தவறுவதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். தினமும் நான் போகும்போது பெபியோலாவின் பெயர் மேலே இருக்கிறது, அதுவும் சாம்பல் நிறத்தில். சும்மா பிடித்து வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறாள். நான் வந்து நின்றதும்தான் ஏதோ மனது வந்து விடுகிறாள். எனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?

மார்ச் 11, செவ்வாய்

மேடம் போன் செய்தார். என்னைப் பற்றிக் கேட்க என்று நினைத்தேன். "பெபியோலா விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழும்பி வேல பாக்காளாம். தவக்காலம் வேற, ஒரு வேளை சாப்பாட்ட விட்டுட்டா. ஒடம்பக் கெடுத்துக்காதன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் போன வாரம் முழுவதும் கழுத்து வலி.

சாப்பிடும்போது இதையெல்லாம் கணவரிடம் கொட்டினேன். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏளா, ஒனக்கு ஆராய்ச்சி கொளத்தப் பத்தியா, அந்தப் பிள்ளயப் பத்தியா?"

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையாக ஒன்று எழுதுகிறேன், இந்தப் பக்கத்தை மேடத்திடம் காட்டப் போவதில்லை. எனக்குப் பொறாமைதான். அவள் வயதுக்கு, அவள் நேரத்துக்கு, மேடம் அவள் பெயரைச் சொல்லும்போது குரல் இளகுவதற்கு. மூன்று மணிக்கு அந்தப் பச்சைப் புள்ளி காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு டீ இறங்குகிறது.

மார்ச் 17, திங்கள்

சர்வர் அறைப் பொறுப்பாளர் கொம்பையா சாரிடமிருந்து எல்லாருக்கும் மெயில். சிலர் வேலை பார்க்காமல் இடத்தைப் பிடித்து வைக்கிறார்கள். இனிமேல் யார் மீதாவது புகார் வந்தால் அந்த ஐடியின் பதிவைப் பார்ப்பார்களாம். உண்மையென்றால் பதினைந்து நாள் தடை.

இன்று ஒரு மணிக்கு மெனுவுக்குப் போய் சைன் அவுட் கொடுத்தேன். ஒன்றும் பெரிய வேலையில்லை, இரண்டு சொடுக்குதான்.

புகார் வந்தால்தானே பார்ப்பார்கள். யார் கொடுப்பார்கள்? என் பெயர் சாம்பலாக நின்றதைப் பார்த்தவள் ஒருத்திதான்.

மார்ச் 20, வியாழன்

இந்த மூன்று நாளும் ஒன்பது ஐந்துக்குப் பெபியோலாவின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்ததை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். மூன்றையும் கொம்பையா சாருக்கு அனுப்பிவிட்டேன். "மற்ற ஆராய்ச்சியாளர்களின் நலன் கருதி" என்று எழுதினேன். பொய் எதுவும் எழுதவில்லை. படத்தில் இருப்பது இருப்பதுதானே.

பாவக்காய்ப் பொரியல். யாரும் தொடவில்லை.

மார்ச் 24, திங்கள்

பதினைந்து வரைபடம் முடிந்தது, ஏழு பாக்கி. இன்று மாலையிலிருந்து பெபியோலாவின் ஐடிக்குத் தடை. போர்ட்டல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், ஏப்ரல் 7 வரை.

பதினைந்து நாள்தானே. அவள்தான் கண்ணில் ஒத்திக்கொள்ளும்படி வரைகிறவள் ஆயிற்றே.

மார்ச் 25, செவ்வாய்

ஒன்பது ஐந்து. இடமில்லை. பதினோரு தடவை புதுப்பித்தேன். மூன்றும் எம்.எஸ்ஸி. பிள்ளைகள்.

மார்ச் 26, புதன்

இடமில்லை.

மார்ச் 27, வியாழன்

இடமில்லை. மகள் வேனுக்குக் காத்திருக்கும்போதே செல்போனில் லாகின் செய்து பார்த்தேன். எட்டே முக்காலுக்கே நிரம்பிவிட்டது. கணவருக்கு இன்று டிபன் பாக்ஸ் கிடையாது, கேன்டீனில் சாப்பிடச் சொல்லிவிட்டேன். அப்படியும் இடமில்லை. என் ராசி எங்கே போயிற்று?

மார்ச் 28, வெள்ளி

காலையில் பெபியோலா போன் செய்தாள். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசி மணியில் எடுத்தேன்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்ககிட்ட அன்னைக்கே சொல்லிருக்கணும். இங்க பெரிய அலைச்சலாப் போச்சு."

"எதுக்குக் கோவம்?"

"ஒங்களுக்கு எடம் புடிச்சு வைக்க முடியல்லக்கா. என் ஐடிய நிப்பாட்டிட்டாங்க. நாலு நாளா நீங்க என்ன செய்தீங்களோன்னு இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் பாதி புரிந்துவிட்டது.

"எடமா?"

"ஆமாக்கா. நீங்கதான சொன்னீங்க, பஸ்ல துண்டு போடுத மாதிரின்னு. அஞ்சு மணிக்கு எழும்பி எட்டு மணி வர என் வேலயப் பாப்பேன். அப்புறம் சைன் அவுட் பண்ணாம அப்படியே விட்டுட்டு மெஸ்ஸுக்குப் போவேன். ஒன்பது அஞ்சுக்கு ஒங்க புள்ளி பச்சையா வந்ததும் வெளிய வந்துருவேன். அந்நேரம் பிள்ளைங்க எல்லாம் கிளாஸ்ல இருக்குமா, நீங்க மட்டும்தான் நிப்பீங்க."

"மத்தியானம் ஒங்க பெரிய கணக்கு ஓடுதேன்னுதான் நான் விடியக்காலத்துக்கு மாறுனேன். அது முடிஞ்சிட்டாக்கா?"

"முடிஞ்சிட்டு" என்றேன்.

"நல்லது. எனக்கு இன்னும் ஒன்பது மேப் இருக்கு. ஏழாந் தேதி வர ஒண்ணும் செய்ய முடியாது. பாப்போம், மாதா வழி விடுவா." வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள். "எவனோ படம் புடிச்சு அனுப்பிருக்கான்க்கா. அவனுக்கு என்ன அவசரமோ."

போனை வைத்த பிறகு பிப்ரவரி 6-ஆம் தேதி வாட்ஸப்பைத் தேடி எடுத்தேன். "அக்கா, ஒன்பது மணிக்கு மேல வாங்க. இடம் இருக்கும்." அதற்குக் கீழே என்னுடைய "சரி". நன்றி என்றுகூடப் போடவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட வேலை நாள் எனக்காக ஒருத்தி சோற்றுத்தட்டோடு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். 'எவனோ சுவிட்ச் போடுதான்' என்று அவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 30, ஞாயிறு

வீடு முழுவதும் ஒட்டடை அடித்தேன். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கித் துடைத்து ஏற்றினேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதியத்தில் நான் இடத்தைப் பிடித்து வைத்தது, பெரிய கணக்கு, மூன்று ஸ்க்ரீன்ஷாட்.

கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ளைக்கும் அதே இருபத்தஞ்சாந் தேதிதான?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம். அவளுக்கும் அதே தேதிதான். இத்தனை நாளில் அதை நான் ஒரு தடவைகூட எழுதவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சர்வர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏ.சி. குளிர் பாதத்தில் ஏறியது. கொம்பையா சார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பெபியோலா அந்த இடத்த சும்மா வைக்கல. எனக்காகப் புடிச்சு வச்சா. தடைய எடுத்துருங்க" என்றேன்.

அவர் என் ஐடி கார்டைப் பார்த்தார். "சங்கரவடிவு. புகார் குடுத்ததும் நீங்கதான மேடம்?"

"ஆமா."

"இப்ப எனக்காகத்தான்னு சொல்லுததும் நீங்க."

"ஆமா. போன மாசம் பதினேழாந் தேதிக்கு முன்னால மத்தியானம் என் பேரு சும்மா நிக்கும் சார். அதையும் பாருங்க."

திரையைத் தன் பக்கம் திருப்பி ஏதோ தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பிப்ரவரி இருபதாந் தேதியில இருந்து தெனமும் நாலு மணி நேரம் போட்டிருக்கு. என்ன வேல ஓடிச்சு?"

"ஒண்ணும் ஓடல."

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் எடம் புடிக்கதும் தப்புதான் மேடம். ஆனா அந்தப் பொண்ணுக்கு ஒரு வாரம் ஆயிட்டு, அது போதும். இன்னைக்கே எடுத்துடுதேன்." ஐடி கார்டைத் திருப்பித் தந்தார். "ஒங்களுக்குப் பதினஞ்சாந் தேதி வர போடணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"போடுங்க. அவகிட்ட இதெல்லாம்..."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்."

நானே சொல்லிவிட வேண்டும் என்று வெளியே வந்தேன். அங்கிருந்து லேடீஸ் ஹாஸ்டல் ஐந்து நிமிட நடை. வேப்பமரம் தாண்டினால் வாசல் தெரியும். அதற்குள் அம்பாசமுத்திரம் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு.

ஏப்ரல் 2, புதன்

பெபியோலாவிடம் பேச வேண்டும். துணி துவைத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் எழுத்துப்பிழை திருத்தினேன். மாவு அரைத்தேன். நாளைக்குப் பேசலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

அவளே கூப்பிட்டாள்.

"கொம்பையா சாருக்கு தேங்க்ஸ் சொல்லப் போயிருந்தேன். தடைய எப்படி எடுத்தீங்கன்னு கேட்டேன். எல்லாம் சொன்னாரு."

"பெபி..."

"மத்தியானம் கணக்கு ஓடவே இல்லையாமே."

"ஓடல."

மெஸ்ஸில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். பழக்கமான அதே குரலில்தான் பேசினாள்.

"செவ்வாக்கிழம இங்கதான வந்திருந்தீங்க. ரூம் நம்பர் ஒங்களுக்குத் தெரியும். நீங்களே வந்து சொல்லிருக்கலாம்."

வைத்துவிட்டாள். இப்போது எழுதும்போது தோன்றுகிறது, கடைசி வரை அவள் அக்கா என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

தடை இருந்தாலும் போர்ட்டல் பக்கத்தைப் பார்க்க முடிகிறது. காலையிலும் மதியத்திலும் அவள் பெயர் மேலே இருக்கிறது, சாம்பலாகாமல். அவள் வேலை நடக்கிறது. முன்பெல்லாம் அவள் பெயரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இன்று மூன்று மணிக்கு டீயோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஏழு வரைபடம் அப்படியே கிடக்கிறது. 21-ஆம் தேதி காலை மேடத்தின் மேஜையில் எல்லாம் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன். பெபியோலாவுக்கு வாழ்த்து அனுப்பினேன். இரண்டு டிக் நீலமாயிற்று. பதில் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

தடை முடிந்தது. விடியற்காலையிலேயே எழுந்து பார்த்திருக்கலாம், அந்நேரம் அவளுடைய நேரம். நான் என் ஒன்பது ஐந்துக்கே உட்கார்ந்தேன்.

மூன்று இடமும் நிரம்பியிருந்தது. எம்.எஸ்ஸி. பிள்ளைகள் இருவர், பெபியோலா. அவள் பெயர் கறுப்பாகவே இருந்தது, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். நியாயம்தான் என்று நினைத்தேன். கீழே என் பெயர் பச்சைப் புள்ளியோடு தனியாக நின்றது.

ஒன்பது ஆறுக்கு அவள் பெயர் மறைந்தது.

கை உடனே ஓடவில்லை. வேலை முடிந்து எழுந்து போனாளா, எனக்கு விட்டாளா? அதைக் கேட்க எனக்கு இப்போது வாயில்லை. பிறகு சொடுக்கினேன். மென்பொருள் திறந்தது, பிப்ரவரியில் திறந்த மாதிரியேதான். இரண்டு வரைபடம். பன்னிரண்டே காலுக்கு அவள் புள்ளி கீழே வந்ததைப் பார்த்து, கையில் இருந்ததைச் சேமித்துவிட்டு, மெனுவுக்குப் போய் சைன் அவுட் கொடுத்தேன். என் பெயர் போய் அவள் பெயர் வரும்வரை பக்கத்தை மூடவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஒன்பது ஆறு. இன்றும்.

இரண்டு வரைபடம். "நன்றி" என்று வாட்ஸப் அனுப்பினேன். நீல டிக்.

ஏப்ரல் 19, சனி

நேற்று புனித வெள்ளி, மூன்று இடமும் காலியாகக் கிடந்தது, தாராளமாக வேலை பார்த்தேன். இன்று பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். அவளும். ஒன்பது ஐந்துக்கே விட்டுவிட்டாள், நான் லாகின் செய்து மூச்சு விடுவதற்குள்.

இருபத்திரண்டாவது வரைபடம் பதினொன்றரைக்கு முடிந்தது. நீலத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று கோத்துக்கொண்டே போனேன். பொறாமையில் செய்தேன், மன்னித்துவிடு. இவ்வளவுதான், இதற்கு ஏன் ஒரு மணி நேரம் கோக்க வேண்டியிருந்தது என்று தெரியவில்லை.

பகவதி மேடத்தின் அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் பெபியோலா, வரைபடச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு. இளைத்திருந்தாள். அவளுக்கும் முடிந்துவிட்டது என்று சுருளின் கனத்தைப் பார்த்தே தெரிந்தது. நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"பெபி" என்றேன். கோத்தது எல்லாம் அவிழ்ந்து எங்கேயோ போய்விட்டது. "நான் பொறாமயிலதான்..."

"தெரியும்" என்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் யாரோ ஒருத்தரிடம் பேசுகிற முகம்.

கதவு திறந்தது. முதலில் வந்தவள் அவள்தான். எழுந்து, சுருளை அணைத்துக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள்.

"ஒங்களுக்குத் திரும்பப் பஸ் புடிக்கணும். நீங்க முதல்ல போங்க, மேடம்."

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.